அத்தை குறித்த நாள்

அழைப்பிதழ் ஐந்நூறும் அச்சாகி வந்து கூடத்து மேசைமேல் கட்டுக் கட்டாக உட்கார்ந்திருந்தன. மை வாசனைகூட இன்னும் போகவில்லை. மணப்பெண் ஒன்றைப் பிரித்தாள், தேதியைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணினாள், எல்லார் தலையிலும் கல்லைத் தூக்கிப் போட்டாள்.

"ஏப்ரல் பதினெட்டா? அன்னிக்கு எனக்கு பீரியட்ஸ் ஆச்சே!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அச்சகத்துக்காரருக்குப் புரையேறியது. பெரியப்பா கூரையில் ஒட்டடை தேட ஆரம்பித்தார். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிற பரிசோதகர் அவர். சொந்த வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் மட்டும் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

"வாயை மூடுடி! ஆம்பளைங்க இருக்காங்க!" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"தேதி வச்சவங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

தேதி வைத்தவர் அத்தை. அப்பாவின் அக்கா. எந்தப் பரீட்சையும் எழுதாமலே குடும்பத்துக்குள் 'கலெக்டர்' பட்டம் வாங்கியவர். ஜனவரியில் சம்பந்தம் பேசி முடித்த அன்றே அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய், "இவளுக்கு எந்தத் தேதி?" என்று விசாரித்தார். அம்மா, "மூணாம் தேதி" என்றாள். அது அந்த மாதத்து மூணாம் தேதி. அத்தை அதை ஆயுசுக்கும் மூணாம் தேதி என்று எடுத்துக்கொண்டார். மாசத்துக்கு ஒரு தடவை வருவது என்றால் தபால்காரர் மாதிரி ஒரே தேதியில்தான் வந்து நிற்கும் என்பது அவர் எண்ணம். மூணுக்கு எட்டாத தூரத்தில் பதினெட்டைப் பிடித்து, மண்டபம் பேசி, அட்டையும் அடித்தாயிற்று. அந்த உடம்புக்குச் சொந்தக்காரியைத் தவிர ஊரையே கலந்து பேசியிருந்தார்கள்.

"மாசாமாசம் வர்றது பதினெட்டுல எப்படிடி வரும்?" என்று அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"எனக்கு முப்பத்தஞ்சு நாளுக்கு ஒரு தடவை அத்தை. அடுத்தது மார்ச் பதினாலு. அதுக்கடுத்தது உங்க முகூர்த்தம்."

"பெரிய டாக்டரு! நாங்கல்லாம் எண்ணிக்கிட்டா இருந்தோம்?"

அவள் டாக்டர் இல்லை. மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கிய எட்டு அறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கவேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே 'சார்ட்டு'.

நாலு வருஷத்துக்கு முன் அண்ணன் கல்யாணம். அப்போதும் இதே அத்தை, இதே பயம். "தள்ளிப்போட" என்று மாத்திரை கொடுத்தார்கள். கேள்வி கேட்காமல் விழுங்கினாள். கல்யாணத்தன்று தலை பிளந்தது, மண்டபத்துக் குளியலறையில் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தாள். அதன்பிறகு மூன்று மாதம் மாதவிலக்கு தன் பாட்டுக்கு நினைத்தபோது வந்தது, நினைத்தபோது நின்றது. எப்போது, எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. தடுப்பூசி டப்பாவுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு புள்ளி வைக்கிறவள், தனக்கென்று ஒரு புள்ளி வைத்ததில்லை.

அன்றிலிருந்து கிடங்கிலேயே ஒரு வெற்றுத்தாள் கேட்டு வாங்கித் தன்னை எழுத ஆரம்பித்தாள். முதல் நாள் மதியத்துக்குமேல் இடுப்பு வலி, மூன்று மணி நேரம், சுடுதண்ணீர்ப் பை வைத்தால் அடங்கும். இரண்டாம் நாள் பரவாயில்லை. பத்தாம் நாளுக்குமேல் பெட்டி தூக்கினாலும் அலுக்காது, பாட்டு வரும். வருவதற்கு முந்தைய மூன்று நாள் எரிச்சல். அந்தக் கட்டத்தில் சிவப்புப் பேனாவில், 'அத்தையிடம் பேசாதே' என்று எழுதியிருந்தாள். நாலு வருஷம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அவள் பைத்தியம் இல்லை, சோம்பேறி இல்லை, சிடுமூஞ்சி இல்லை. அவளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அவ்வளவு வருஷம் அதை யாரும் பார்க்கச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குக் கோபம்.

மார்ச் பதினாலாம் தேதி காலை, பல் துலக்கும்போதே வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா அத்தைக்குப் போன் போட்டாள். அரை மணியில் அத்தை வாசலில் நின்றார், கையில் மாத்திரை அட்டையோடு.

"ஏப்ரல் பதினஞ்சாம் தேதியிலேர்ந்து போடு. வேளைக்கு ஒண்ணு."

"எனக்கு ஒத்துக்காது அத்தை. போன தடவை என்ன ஆச்சுன்னு எழுதி வச்சிருக்கேன், காட்டட்டுமா?"

"உன் எழுத்தைக் கொண்டுபோய் குப்பையில போடு! தீட்டோட மேடை ஏறினா அந்தக் குடும்பம் விளங்காது. நீ ஏறினா நான் ஏறமாட்டேன். நான் ஏறலைன்னா எங்க பக்கத்துச் சொந்தம் ஒருத்தரும் ஏறமாட்டாங்க, பாத்துக்கோ!"

அம்மா அழுதாள். "ஒரே ஒரு நாளுடி. என் மானத்தைக் காப்பாத்து."

அத்தையோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம். அம்மா அழுதால் கை கால் ஓடாது. விழுங்கினால் மறுபடி அந்தக் குளியலறைத் தரை, மறுபடி மூன்று மாதம் தன் உடம்பே தனக்குப் பிடிபடாத நிலை. மறுத்தால் அம்மாவைச் சொந்தக்காரர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அட்டையைக் கையில் வாங்கிக் கைப்பையில் போட்டாள். "சரி" என்று சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மறுமுனையில் கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். வீட்ல எங்கம்மாகிட்ட இதெல்லாம் பேசினதே இல்ல... அதான். நான் என்ன செய்யணும்?"

"ஒரு நாற்காலி. மூணு மணிக்கு மேல என்னால மேடையில நிக்க முடியாது."

"ரெண்டா போடச் சொல்றேன். எனக்கும் கால் வலிக்கும்."

பரவாயில்லை, தேறுவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி விடிகாலை ஐந்து மணிக்கு, சொன்ன வாக்கைத் தவறாத ஆள் மாதிரி அது வந்து சேர்ந்தது. அவள் பதற்றப்படவில்லை. எடுத்து வைத்ததை மாற்றிக்கொண்டாள், தாளில் புள்ளி வைத்தாள், தலைவாரிக்கொள்ள உட்கார்ந்தாள். அடர்சிவப்பு உடையை இரண்டு மாதத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்திருந்தாள். "நிறம் எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு!" என்று அத்தை மெச்சினார்.

அத்தைதான் அவள் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். அத்தைதான் முதல் இனிப்பை ஊட்டி, மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நெற்றியில் முத்தம் வேறு. கூரை இடிந்து விழவில்லை. சாப்பாடு பற்றாமல் போகவில்லை. மைக் மட்டும் ஒருதடவை கீச்சென்று கத்தியது. அது பெரியப்பா வாழ்த்துரையில் உணர்ச்சிவசப்பட்டதால்.

மூன்று மணிக்கு வலி வந்தது. நாற்காலி போட்டிருந்தது. போட்டோக்காரர், "நின்னாத்தான்மா எடுப்பா இருக்கும்" என்று முனகினார். மாப்பிள்ளை முதலில் உட்கார்ந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் சுடுதண்ணீர்ப் பையைச் செருகிக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் உட்கார்ந்தபடியே வரவேற்றாள்.

நாலரை மணிக்கு அத்தை தன் பரிவாரத்தோடு மேடை ஏறினார். பக்கத்தில் சித்தப்பா மகள். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"பாத்தியாடி? ஒரு குறை இல்லாம நடந்துது" என்று அத்தை சித்தப்பா மகளின் காதைக் கடித்தார். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற ரகசியம் அது. "எல்லாம் அந்த மாத்திரை பண்ணின வேலை. உனக்கும் வாங்கித் தரேன். இவளைப் பாரு, மறுபேச்சு பேசாம போட்டுக்கிட்டா. முகத்துல எவ்வளவு களை!"

சித்தப்பா மகளின் முகம் வெளிறியது. "தலை வலிக்கும்னு சொல்றாங்களே அத்தை..." என்றவளை அத்தை கையைக் காட்டி அடக்கினார்.

மணப்பெண் சும்மா இருந்திருப்பாள். நாள் நல்லபடியாக முடிந்தது, அம்மாவின் மானமும் தப்பித்தது. ஆனால் அந்த வெளிறிய முகத்தை அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் அது அவள் முகம்.

கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாங்க வேணாம் அத்தை. இதுவே இருக்கு. பத்துக்குப் பத்து."

அத்தை குனிந்து பார்த்தார். ஒன்றுகூடக் கிழிபடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார், சுடுதண்ணீர்ப் பையைப் பார்த்தார், சிவப்பு உடையைப் பார்த்தார். இனிப்பு ஊட்டிய தன் கையைப் பார்த்தார்.

"அப்படின்னா... இப்போ..."

"காலையில அஞ்சு மணிக்கு. முப்பத்தஞ்சு நாள், தாள்ல எழுதி வச்சுச் சொன்னபடி."

அத்தைக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால் என்னவென்று கத்துவது? முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில், அத்தனை ஆம்பளைங்க முன்னால், அந்த வார்த்தையைச் சொல்லியல்லவா ஆகவேண்டும்! நாற்பது வருஷமாக வீட்டுப் பெண்கள் எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்த அதே வெட்கம், இப்போது கலெக்டரின் வாயை அடைத்தது.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க!" என்று போட்டோக்காரர் கையை ஆட்டினார்.

"சிரிங்க அத்தை. நல்ல நாள்தானே, நீங்களே குறிச்சது."

விளக்கு பளிச்சிட்டது. இறங்கும்போது சித்தப்பா மகள் குனிந்து, "அந்தத் தாளு எனக்கும் ஒண்ணு வேணும்க்கா" என்றாள், ரகசியமாக இல்லாமல்.

அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், அத்தை மட்டும் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார். கைக்குள் என்ன என்று யாராவது கேட்டால் அன்றைய மணப்பெண் முதலிலிருந்து கடைசிவரை விளக்குகிறாள், ஆம்பளைங்க இருந்தாலும்.