தூங்கப் போகிறவனுக்கு எதற்கு மாத்திரை

ஆபரேஷனுக்கு முன்னால் ஓசூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். "ஒரு மடக்குத் தண்ணியில முழுங்கிடுங்க. மயக்கத்துக்குப் போடுற ஊசியில சதையெல்லாம் துடிக்கும். மறுநாள் அடிச்சுப் போட்டாப்பல வலிக்கும். அந்த வலியக் கொறைக்கத்தான் இது."

சுரேந்தர் தலையாட்டினான். கிரிக்கெட் பந்து பட்டு உடைந்த மூக்கெலும்பை நிமிர்த்தத்தான் ஆபரேஷன். நர்ஸ் நகர்ந்ததும் மாத்திரையை மனைவி ரஞ்சிதாவின் கையில் வைத்தான்.

"வலி மாத்திரை. நாளைக்கு ஷிப்டுக்குப் போட்டுக்க. முட்டி முட்டின்னு அழுவுறியே."

"உனக்கு மாமா?"

"நான் தூங்கத்தான போறேன். தூங்கறவனுக்கு எதுக்கு?"

இருவரும் வேலை செய்யும் கம்பெனியில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. ஷிப்டு முழுக்க நிற்கப் போகிறவன் போடுவது வலி மாத்திரை. படுக்கப் போகிறவன் போட்டால் வீண்.

உள்ளே மயக்க மருந்து டாக்டரம்மா கேட்டார். "மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு மேடம்."

மறுநாள் விடியலில் வீட்டில் கண் விழித்தபோது மூக்கு பரவாயில்லை. கழுத்து, தோள், விலா, தொடை எல்லாம் கட்டையால் அடித்தது போலிருந்தது. கம்பி லோடு இறக்கிய நாளில்கூட இப்படி வலித்ததில்லை. சுவரைப் பிடித்து எழுந்தான்.

"அந்த மாத்திரை எங்க?"

"இப்பத்தான் டீயோட முழுங்கினேன்." ரஞ்சிதாவின் முகம் செத்தது. "டாக்டரம்மாக்குப் போன் போடு மாமா."

"போட்டாச்சுன்னு பொய் சொல்லிட்டு இப்ப என்னான்னு கேக்கறது?"

"வேலைக்காவது போவாத."

"லேசான வேலை தர்றேன், இன்னிக்கு வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னு சூப்பர்வைசர் திம்மராயன் சொல்லிட்டான். காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏது லீவு?"

லேசான வேலை என்பது பெயிண்ட் ஷாப்பில் மாட்டுவது. தலைக்கு மேலே கொக்கிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிராக்கெட்டை மாட்ட வேண்டும். கையளவு தகரம், எடையே இல்லை. ஆனால் கையைத் தூக்கினால்தான் மாட்ட முடியும்.

முதல் சில கொக்கிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினான். பிறகு கை தோளுக்கு மேல் போக மறுத்தது. ஒரு கொக்கி காலியாகப் போனது. இன்னொன்றும் போனது.

"ஏன் குரு," என்று கன்னட வாக்கில் கூப்பிட்டபடி திம்மராயன் வந்து நின்றான். "பந்து மூக்குல பட்டுச்சா, தோள்ல பட்டுச்சா?"

"மயக்க ஊசியால வலிக்குதுண்ணா."

"ஊசி போட்டா வலி போவும். உனக்கு மட்டும் வருதா? நல்லா கத கட்றப்பா." பக்கத்து லைனில் இருவர் சிரித்தார்கள். "கேட் பாஸைக் கழட்டு. வேற ஆளப் பாத்துக்கறேன்."

கழுத்தில் தொங்கிய பாஸின் நாடாவைத் தலைக்கு மேலே எடுக்க வேண்டும். சுரேந்தர் முயன்றான். கை பாதியில் நின்றது.

"நடிக்காதடா" என்று சொல்லித் திம்மராயனே அதைக் கழட்டிக்கொண்டான்.

பெயிண்டைக் காயவைக்கும் பெரிய அடுப்பின் மறுமுனையில் வெந்து வரும் பிராக்கெட்டுகளை இறக்குகிறவள் ரஞ்சிதா. காலிக் கொக்கிகள் ஒன்றன் பின் ஒன்றாக அவளிடம் வந்தன. இறக்க ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தாள். முட்டி கொஞ்சமும் வலிக்கவில்லை.