சல்கியின் ஆடு என்ன தின்றது?

சல்கியின் ஆடு இடப்பக்க வயிறு பறைபோல உப்பி, கால்களை அகட்டி நின்றது. நிறைசினை. புருஷன் செங்கல் சூளைக்குப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பாதவளுக்குச் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான்.

முண்டா பழங்குடிகளான எங்கள் ஊரில் ஆடுகளுக்கு மருந்து கொடுக்கப் பழகியவள் நான் ஒருத்தி. கூலி கிடையாது, ஏச்சு தாராளமாக உண்டு.

"என்ன தின்னுச்சு?"

"தழைதான் ஜௌனிக்கா" என்றாள் சல்கி.

தழை தின்று உப்பினால் எண்ணெய்தான் மருந்து. ஊற்றுவதற்காக ஆட்டின் நாக்கை வெளியே இழுத்த, உதவிக்கு வந்த பூலோவின் கையில் ஓர் அடி வைத்தேன். நாக்கை இழுத்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கால்மணி நேரமாகியும் வயிறு இறங்கவில்லை. ஆடு பல்லை நறநறவென்று கடித்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

"நான் வர ரெண்டு மணி நேரமாகும், அதுவரைக்கும் தாங்காது. தானியம் தின்னிருந்தா ஆப்பசோடா கொடுக்கணும். எவ்வளவு தின்னுச்சுன்னு தெரிஞ்சாதான் அளவு சொல்ல முடியும். நல்லா விசாரிங்கம்மா."

மறுபடி கேட்டேன். சல்கி தரையைப் பார்த்துக்கொண்டு, "தழைதாங்க்கா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாசம் பெண்கள் சங்கத்தோடு வீடு வீடாகப் போய் சோற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சாமல் குடிக்கும் ஹண்டியாக் கள்ளின் பானைகளை உடைத்தோம். இவள் பானையை உடைத்தது என் தடி. "இனிமே சோத்தை ஊறப்போட்டுச் சாராயமாக்கினா சங்கத்துல இடமில்ல" என்று கத்தியதும் நானே. இவள் எப்படி வாயைத் திறப்பாள்?

"பானையை உடைக்க வரலடி. சொல்லு."

சுற்றிலும் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர். ஆடு முழங்காலிட்டது.

"என் வீட்டு உள்ளறையிலயும் ஒரு பானை இருக்கு" என்றேன். "முன்னோருக்குப் படைக்கணும்னு வெச்சிருக்கேன். ஊர்ப் பானையெல்லாம் உடைச்சேன், அதை மட்டும் விட்டுட்டேன்."

பூலோ வாயைப் பொத்திக்கொண்டாள். சல்கி என்னையே பார்த்தாள்.

"விறகுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன்க்கா. ஹண்டியாவுக்கு ஊறப்போட்ட அரைப்படி சோறு. முழுசும் தின்னுடுச்சு."

மறுபடி போன் போட்டு, டாக்டர் சொன்ன அளவில் ஆப்பசோடாவைக் கரைத்துப் புகட்டினேன். வேப்பங்குச்சியை ஆட்டின் வாயில் குறுக்கே வைத்துக் கட்டினேன். மென்றால்தான் காற்று பிரியும். ஆட்டைத் தூக்கி நிறுத்தி மேட்டில் நடத்தினோம். நாலாவது சுற்றில் பின்கால் மடங்கியதும் சல்கி ஓவென்று அழுதாள்.

"அழ அப்புறம் நேரமிருக்கு. வயித்தைத் தேய்டி!"

தேய்த்தாள். ஆடு ஒரு ஏப்பம் விட்டது. புளித்த நாற்றம். பிறகு இன்னொன்று, நீளமாக. உப்பிய பக்கம் என் கைக்கடியில் மெல்லத் தளர்ந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சல்கி தேய்ப்பதை நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"அக்கா, அன்னிக்கு நீ உடைச்சதும் எங்க மாமனாருக்குப் படைக்க வெச்ச பானைதான். எவ்வளவு கெஞ்சினேன்."

கயிற்றைப் பிடித்து ஆட்டை இன்னொரு சுற்று நடத்தினேன்.