பதினோராவது ஆள் ஏறமாட்டாள்

கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்பின் பிரேக் விட்டுப்போன அன்று பாஜிலா, யுவராணியின் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசைப்பட்டு உட்காரவில்லை. பத்துப் பேருக்கான ஜீப்பில் இருபது பெண்களை அடைத்தால் ஒருத்தி இன்னொருத்தி மடியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். விடியும் முன்னே கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஏறி, காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் கம்பத்துக்கு இறங்குகிற பிழைப்பில் அது அன்றாடம் நடப்பதுதான்.

டிரைவர் சமயோசிதமாக வண்டியை மலைப்பக்கம் ஒடித்தான். ஜீப் பாறையில் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. எல்லோருக்கும் சிராய்ப்பு. யுவராணிக்கு மட்டும் இடது மணிக்கட்டு முறிந்தது. கீழே பள்ளத்தாக்கில் தென்னந்தோப்புகள் கைப்பிடிக் கீரைபோலத் தெரிந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த யுவராணி கொதித்தாள்.

"பிரேக்கு மட்டுமாக்கா போச்சு? தோட்டம் அவுகளது, வண்டி இவுகளது, ஒடியிற கை மட்டும் நம்மளது!"

"ஆளுக்கொரு சீட்டு வேணும்னு கேப்போம்டி" என்றாள் பாஜிலா.

"கேளுங்க. குடுப்பாக. இந்தக் கையில குடுத்துட்டு அந்தக் கையில பிடுங்கிக்கிருவாக. ஒட்டுப்போட்டெல்லாம் இதச் சரிபண்ண முடியாது. மொத்தமா மாறணும்."

"மாறட்டும். அது வரைக்கும் ஒன் மடியிலயே உக்காந்து போகச் சொல்றியா?"

அந்த வலியிலும் யுவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாஜிலா சண்டைக்காரி அல்ல. மீன்காரி எடை குறைத்துப் போட்டால்கூட முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வருகிறவள். ஆனால் மறுநாள் காலை அதே ஜீப், நசுங்கின கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றபோது அவளால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

"ஏத்தா, வெரசா ஏறுங்க. காய் பழுத்துக் கெடக்கு" என்று விரட்டினார் மலைச்சாமி. ஜீப்புகள் அவருடையவை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து விடுவதும் அவர்தான்.

பத்துப் பேர் ஏறினார்கள். பாஜிலா வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"அம்புட்டுத்தேண்ணே. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"மத்தவுக?"

"இன்னொரு வண்டி வரட்டும். பதினோராவது ஆளு ஏறமாட்டா."

மலைச்சாமி சிரித்தார். பிறகு அதட்டினார். பிறகு, "இனிமே ஒருத்தியும் வரவேணாம். ஆளா கிடைக்காது?" என்று எல்லோரையும் இறக்கிவிட்டு, காலி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். புழுதி அடங்கியதும் பெண்கள் பாஜிலாவைப் பார்த்தார்கள்.

"தேவாரம் ஊருல போயி ஆள் ஏத்துவாக" என்றாள் சுருளியம்மாள். கூட்டத்தில் வயதில் மூத்தவள் அவள்.

"அப்ப அவுகளுக்கு முன்னால நாம போவோம்" என்றாள் பாஜிலா.

அன்றைக்கே பஸ் ஏறித் தேவாரம் போனார்கள். மலையடிவாரத் தெருக்களில் வீடு வீடாக நின்று பேசினார்கள். கட்டுப்போட்ட கையை யுவராணி காட்டினாள்; அது பாதிப் பேச்சைப் பேசிவிட்டது. தேவாரத்துப் பெண்களில் பலருக்கும் மலைப்பாதையில் பறிகொடுத்த சொந்தம் ஒன்று இருந்தது. ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சோணையம்மாள் என்பவள் கடைசியில், "காலையில பாத்துக்கிருவோம்" என்று மட்டும் சொன்னாள். அதை நம்பலாமா கூடாதா என்று புரியாமலே இவர்கள் ஊர் திரும்பினார்கள்.

விடிந்ததும் மலைச்சாமியின் ஜீப்புகள் வரிசையாகத் தேவாரம் போய் நின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் ஏறினார்கள். முதல் ஜீப்புக்குப் பதினோராவதாக வந்த சோணையம்மாள் படியில் கால் வைக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இடமில்லையேப்பா" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத் தூக்குவாளியோடு ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒதுங்கினார்கள்.

போனில் இந்தச் சேதி வந்தபோது கம்பத்துத் தெருமுனையில் எழுந்த குலவைச் சத்தத்தில், பள்ளிவாசல் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் வீட்டில் விசேஷம் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பாதி ஆள்தான் மலை ஏறியது; ஏலக்காயோ காத்திருக்காது. பறிக்கிற பருவம் தப்பினால் செடியிலேயே பழுத்து வெடித்துப் போகும். அந்த வாரம் தீருமுன்னே தோட்டத்து முதலாளி குரியச்சன் மலையிறங்கி வந்தார்.

"எந்தா பாஜிலா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சு?"

"உக்கார எடம் வக்கலையே முதலாளி."

வண்டிக்குப் பத்து ஆள் என்று குரியச்சன் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். மறுநாள் பாஜிலா ஜன்னலோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மலையேறினாள். இத்தனை வருஷம் போய்வந்த பாதையில் இவ்வளவு காட்டுப்பூ பூக்கும் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் யுவராணி சொன்னதும் நடந்தது. கொஞ்ச நாளிலேயே, இன்னொரு வண்டி விடாமல் ஒரே ஜீப் இரண்டு நடை அடித்தது; அதனால் வேலை பிந்துகிறது என்று தோட்டத்தில் ஒரு மணி நேரம் கூட்டிவிட்டார்கள். கூலி கூடவில்லை. இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர முடிந்தது. பாஜிலாவின் மகள் சாதியா அம்மா முகத்தைப் பார்க்காமலே தூங்கிப்போனாள்.

யுவராணி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாஜிலாவுக்கு. பாடுபட்டு வாங்கினதெல்லாம் வீணா?

நேரே மலைச்சாமியிடம் போய், இன்னொரு வண்டி விடச் சொல்லிக் கேட்டாள். அவர் அன்று கத்தவில்லை.

"நான் என்னத்தா செய்ய? ஜீப்பெல்லாம் பைனான்ஸ்ல எடுத்தது. ஆள் கூட ஏத்துனாத்தேன் டியூ கட்ட முடியும். முதலாளி தலைக்கு இம்புட்டுன்னு எனக்குத் தாராக. அதுக்கு மேல பைசா பேராது."

அந்த மனிதரும் ஏதோ ஒரு மடியில்தான் நெரிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பாஜிலாவுக்குத் தோன்றியது. தெருவில் இறங்கி நடந்தவள் சட்டென்று நின்றாள். தலைக்கு இவ்வளவு. அந்தத் தலை யாருடையது?

அங்கிருந்து யுவராணி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"ஏண்டி, ஒங்க அண்ணனோட குட்டியானை வண்டிய நீதான திராச்சை லோடு ஏத்திக்கிட்டு ஓட்டுவ? வேன் ஓட்டுவியா?"

கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டிருந்த யுவராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வேனு?"

"நம்ம வேனு."

அடுத்த நாள் தோட்டத்தில் காய் நிறுக்கிற கொட்டகை முன்னால் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். குரியச்சன் வெளியே வந்தார்.

"மலைச்சாமி அண்ணனுக்குக் குடுக்குற வண்டிக்கூலிய எங்க மகளிர் குழுவுக்குக் குடுங்க முதலாளி" என்றாள் பாஜிலா. "வண்டி நாங்க கொண்டாறோம். ஒரே நடையில எல்லாரும் வந்துருவோம். கூட்டுன ஒரு மணி நேரத்த எடுத்துருங்க."

"ஒரு நாள் வண்டி வராட்டி?"

"அன்னைக்கு ஒங்க காயி பழுக்கும், எங்க அடுப்பு எரியாது. அதுனால வரும்."

குரியச்சன் கூடைகளைப் பார்த்தார். கூடைகளுக்குப் பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தார். போன தடவை வெடித்துப்போன காய்களை அவர் மறந்திருக்க மாட்டார். "செரி" என்றார்.

அதற்குப் பிறகும் லேசில் நடந்துவிடவில்லை. மகளிர் குழுவின் பேரில் கடன் வாங்கித் தேனியில் பழைய வேன் ஒன்றைப் பிடித்தார்கள். இரண்டு மாநிலத்திலும் ஓடப் பெர்மிட் வாங்குவதற்குள் உத்தமபாளையத்து ஆபீசுக்கு நடந்து நடந்து சுருளியம்மாளின் செருப்பு அறுந்தது. யுவராணி வேன் லைசென்ஸுக்கான முதல் டெஸ்டில் தவறி, இரண்டாவதில் தேறினாள். வேன் தெருவுக்குள் நுழைந்த அன்று பாஜிலாவின் புருஷன் ஷானவாஸ், கேட்காமலே அண்டா நிறைய டீ போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினான்.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. ஆளுக்கொரு சீட்டு. காக்கிச் சட்டையை ரவிக்கைக்கு மேல் மாட்டிக்கொண்டு யுவராணி ஸ்டியரிங் பிடித்திருந்தாள். தெருமுனையில் மலைச்சாமி தன் ஜீப்பைத் தானே பின்னுக்கு எடுத்து வழிவிட்டார். "பாத்துப் போங்கத்தா" என்றார். உள்ளேயிருந்து எழுந்த கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

தேவாரத்திலிருந்து சோணையம்மாள் போன் செய்தாள். அங்கேயும் குழு கூடிவிட்டது, வண்டி பார்க்க எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். பாஜிலா போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். எழுந்த குலவையில் வேனே அதிர்ந்தது.

மலைப்பாதையில் ஏறும்போது யுவராணி கண்ணாடியில் பாஜிலாவைப் பார்த்தாள்.

"அக்கா, நான் சொன்னதுல மாத்தமில்ல. வண்டி நம்மளதாயிருச்சு. தோட்டம் இன்னும் அவுகளதுதேன்."

"நீ சொல்றது வாஸ்தவந்தேன். யாரு இல்லைன்னது?" பாஜிலா ஜன்னல் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டாள். "இப்ப வளைவப் பாத்து ஒடிடி. மேல போயிப் பேசுவோம்."

யுவராணி கியரை இறக்கினாள். வேன் உறுமிக்கொண்டு வளைவில் திரும்பி ஏறியது.