ஆறாம் பக்கத்து டிக்

கருத்தரங்குக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது, ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சுடச்சுட வந்த ஆறாம் பக்கத்தைப் படித்தேன். கடைசி வரி தப்பு.

ஒரு கணக்கு கம்ப்யூட்டருக்கே கஷ்டமானது என்று நிரூபிப்பதுதான் என் ஆராய்ச்சி. "கஷ்டம்னு சொல்றதுக்கா அஞ்சு வருஷம்? என்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்பான் அண்ணன். இன்றைய பேச்சு தேறினால் ஆராய்ச்சியைத் தொடர ஆறாவது வருடம் கிடைக்கும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என் கணக்கு கஷ்டம் என்று நிரூபிக்க, கஷ்டம் என்று ஊரறிந்த வேறொரு கணக்கை, படிப்படியாக என் கணக்காக மாற்றிக் காட்ட வேண்டும். மாற்றும்போது அது ஊதிப் பெருத்துவிடக் கூடாது. 'ஒவ்வொரு படியிலும் அளவு இரு மடங்கு மட்டுமே ஆகிறது. ஆகவே கடைசியிலும் சிறியதே என்பது தெளிவு' என்று எழுதியிருந்தேன். என்ன தெளிவு, மண்ணாங்கட்டி! இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். நூறு படி ஏறினால் எழுத உலகத்துத் தாளெல்லாம் போதாது. என் மூலப் பிரதியில் அந்த வரியின் ஓரத்தில் பேராசிரியரின் சிவப்பு டிக். அதை நம்பித்தான் எட்டு மாதம் மேலே மேலே கட்டியிருந்தேன்.

அவர் அறைக்கு ஓடினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஆறாம் பக்கம் கடைசி வரி... போட்டுப் பாத்தீங்களா?"

"டிக் போட்டிருக்கேனே." தாளை வாங்கியவர் ஓரத்தில் இரண்டு, நாலு, எட்டு என்று எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தார். "நீ தெளிவுன்னு எழுதியிருந்தியேம்மா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு..."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நான் அவரை நம்பினேன், அவர் என்னை நம்பினார், கணக்கை யாரும் பார்க்கவில்லை.

"இப்ப வாயைத் திறக்காதே," என்றார் மெதுவாக. "முதல்ல வருஷத்தை வாங்கிக்குவோம். அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

தலையாட்டிவிட்டேன். பயம் யாரை விட்டது?

பேசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல அந்த வரியை மூன்று நொடியில் தாண்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. முன்வரிசையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா என் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஆறாம் பக்கத்தில் பேனா ஒரு கணம் நின்றது. அவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கைதட்டினார்கள். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் துறைத் தலைவர். ஒருவரும் அசையவில்லை. தேர்வாளர் அம்மா பேனாவை மூடினார்.

மேடையில் நின்றபடியே கையைத் தூக்கினேன்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு," என்றேன். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆறாம் பக்கம், கடைசி வரி. அது எப்படித் தெளிவு?"

அறை முழுக்கத் தாள் திருப்பும் சத்தம் கேட்டது.