இரண்டு நெடில், ஒரு குறில்

காலையில் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. சமவெளி வானத்தை நம்பியவன் உருப்பட்டதில்லை என்று தெக்லாவுக்கும் தெரியும். தெரிந்தும், எட்டு வயது ஒரிஸ்யாவை நாயோடு வீட்டில் விட்டுவிட்டு, கணவன் பனாஸோடு பாலேட்டுக் கேனை ரயிலில் ஏற்றிவிட்டு வர ரயிலடிக்குப் போனாள். பனிக்காலமென்று கார் கொட்டகையில் கட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இனி பனி உருகும்வரை குதிரை பூட்டிய சறுக்குவண்டிதான்: பலகைக் கூண்டு, உள்ளே சின்ன அடுப்பு, முன்னால் கடிவாளம் நுழைய ஒரு பிளவு.

திரும்பும்போது பாதி வழியில் புயல் பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன பனி குதிரைகளின் முதுகைக்கூட மறைத்தது. வேலியும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை.

பனாஸ் கடிவாளத்தைத் தளர்த்தினான். புயலில் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். "குதிரைங்க வீட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துடும். நீ சும்மா உக்காரு."

எப்படிச் சும்மா உட்காருவது? அவர்கள் வருவதற்குள் இருட்டினால் லாந்தரோடு போய்த் தொழுவக் கதவைத் திறந்து வைப்பது ஒரிஸ்யாவின் வேலை. போன வருஷம் வளர்ந்த ஆம்பிளை ஒருவன் தன் வீட்டுக்கும் தன் தொழுவத்துக்கும் நடுவிலேயே வழி தப்பி விறைத்துச் செத்தான்.

இருட்டும் நேரத்தில் குதிரைகள் நின்றன.

"பாத்தியா, வந்தாச்சு!" என்று பனாஸ் கதவைத் தள்ளினான். குரைத்தது வேறு நாய். லாந்தரோடு வந்தவர் கிழவர் ஹவ்ரிலோ.

"அடடே, என் சீமாட்டி புருஷன் வீடு பிடிக்காம திரும்பி வந்துட்டாளா!" என்று இடப்பக்கத்துப் பெண்குதிரையின் கழுத்தைத் தட்டினார்.

அறுவடை முடிந்ததும் அவரிடம் வாங்கிய குதிரை. அது தன் வீட்டுக்குத்தான் வந்திருந்தது. தெக்லாவின் வீடு எதிர்ப்பக்கம், நாலு மைலுக்கு அப்பால்.

"யோவ், எந்த வீட்டுக் குதிரைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியாய்யா?" என்று கத்தியவள், சால்வையை இறுக்கிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கப் போனாள். "நடந்தாவது போறேன். என் பிள்ளை வெளிய வந்துடும்!"

கிழவர் குறுக்கே நின்றார். "போனா பொணமாத்தான் போவ. உள்ளே போன் இருக்கு, வா தாயி."

அந்தப் பக்கத்து ஒன்பது வீட்டுக்கும் ஒரே போன் கம்பி. மணி எல்லா வீட்டிலும் அடிக்கும், யாருக்கு என்பது அடிக்கும் கணக்கில் தெரியும்; தெக்லா வீட்டுக்கு இரண்டு நெடில், ஒரு குறில். யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் காது கொடுப்பார்கள், தெக்லா உட்பட. ஆனால் பிள்ளை ஒட்டுக் கேட்டதற்குப் போன வாரம்தான் கரண்டிக்காம்பால் வெளுத்திருந்தாள். 'இனிமே இதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.' தன் வாயே தன் குடியைக் கெடுத்ததே!

போனின் கைப்பிடியைச் சுற்றினாள். நெடில், நெடில், குறில்.

"யாரு, தெக்லாவா? எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்றது ஒரு குரல். "ஐயோ, குழந்தை தனியாவா?" என்றது இன்னொன்று. அவள் வீட்டிலிருந்து மட்டும் பதில் இல்லை. மறுபடி சுற்றினாள். மறுபடியும் இல்லை. போய்விட்டாளா? லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளா?

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று தெக்லா கத்தினாள்.

கம்பியில் காற்றின் ஊளை. அதற்குள்ளே, தொண்டை கட்டிய ஒரு குரைப்பு. சிர்கோ! அவள் வீட்டு நாய். போனை யாரோ எடுத்திருந்தால்தானே அது கேட்கும்?

"ஒரிஸ்யா! நீ கேக்கறது எனக்குத் தெரியும்டி. அம்மா அடிக்க மாட்டேன். சத்தியமா அடிக்க மாட்டேன். பேசு கண்ணு."

"நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலம்மா" என்றது சின்னக் குரல். "லாந்தர் ஏத்தி, பூட்ஸ் போட்டுட்டேன். தொழுவத்தைத் திறக்கக் கிளம்பினேன், மணி அடிச்சுது. யாரு பேசறாங்கன்னு சும்மா... இப்பத்தான் எடுத்தேன்."

தெக்லா சுவரோடு சாய்ந்தபடி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பூட்ஸைக் கழட்டு. அடுப்புல விறகு போட்டுட்டு வந்து மறுபடியும் எடு. விடியறவரைக்கும் கேளுடி தங்கம், நல்லாக் கேளு."

அன்று ஒன்பது வீட்டிலும் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை.