பத்தாவது பிடி

ரயிலில் ஆடிய சீட்டாட்டத்தில் பத்துப் பிடியும் தனக்கே என்று கேட்டுவிட்டு, ஒன்பதை அள்ளியிருந்தாள் நோரீன். துருப்பெல்லாம் தீர்ந்து, மூவர் கையிலும் ஒரே ஒரு சீட்டு. அதற்குள் பெர்த்திலிருந்து வந்த அந்தக் கடைசி மாலை ரயில் ஃப்ரீமேன்டில் வந்து சேர்ந்துவிட்டது. இனி இந்தத் தடத்தில் ரயிலே கிடையாது, பஸ் போதும் என்று அரசு சொல்லிவிட்டது. ரயில் கார்டு எல்லோரையும் இறக்கிவிட்டார்.

"பிளாட்பாரத்துலயே போட்டு முடிச்சிடலாம், வா" என்றார் துறைமுகக் குமாஸ்தா கிளாரி.

"முடியாது" என்றாள் நோரீன். "ரயில்ல ஆரம்பிச்ச ஆட்டம் ரயில்லதான் முடியும். அவங்கவங்க சீட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"அப்போ நீ தோத்த மாதிரிதான், தாயே. இந்த ரயில் செத்துப்போச்சு."

நோரீன் ஒற்றைக்காலில் நின்றாள். தொப்பிக் கடை வேலை முடிந்ததும் ரயிலை மறுபடி விடச் சொல்லும் மனுவோடு கொட்டஸ்லோ கடற்கரையில் அலைந்தாள். ஈரத் துண்டோடு வந்தவர்களையும் விடாமல் கையெழுத்து வாங்கினாள். கிளாரியோ கார் வாங்கிவிட்டார். பஸ்ஸுக்கு நிற்பவளைப் பார்த்தால் போதும், ஹாரன் அடித்து, "சீட்டு பத்திரமா?" என்று கத்துவார்.

பத்திரமாகத்தான் இருந்தது, மேசை இழுப்பறையில். கிளாவர் ஏழு. ஏழுக்குக் கீழே சீட்டில்லாத அவர்கள் கட்டில் அதுதான் அற்பச் சீட்டு. மற்ற இருவரிடமும் கிளாவர் இல்லாவிட்டால்தான் அது ஜெயிக்கும்.

நாலு வருஷம் போனது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, ரயிலும் வந்தது!

முதல் வண்டியில் மூச்சுவிட இடமில்லை. நோரீன் தன் எதிர் இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் மூன்றாவது ஆட்டக்காரர், தபால்காரர் மெர்வின். கிளாரி வராவிட்டால் ரயில் வந்தும் ஆட்டம் பாதியில் நிற்குமே என்று அவள் வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். விசில் ஊதிய பிறகு வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஏறினார் மனிதர்.

"என்னய்யா, காரு எங்க?" என்றார் மெர்வின்.

"வாய மூடிட்டுச் சீட்டப் போடு" என்று கிளாரி தன் கைப்பெட்டியை மேசைபோல முழங்கால்மேல் வைத்தார்.

நோரீன் தன் கிளாவர் ஏழை முதலில் வைத்தாள்.

"இதுக்கா நாலு வருஷம் தெருத்தெருவா அலைஞ்ச?" கிளாரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இஸ்பேட் ராஜாவை ஓங்கி அடித்தார். மெர்வின் போட்டது டைமன் ராணி.

"கிளாவர் எங்க, கிளாரி?" என்றாள் நோரீன்.

அவர் தன் ராஜாவைக் குனிந்து பார்த்தார். நோரீன் மூன்று சீட்டையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். ரயில் பெட்டியே கைதட்டியது. ஜன்னலுக்கு வெளியே கடல் வந்தது.

"தோத்தவங்கதான் கலைக்கணும்" என்று சீட்டுக்கட்டை அவரிடம் நீட்டினாள்.

கிளாரி வாங்கிக் கலைத்தார். "இதுக்குப் பழி வாங்காம விடமாட்டேன். நாளைக்கும் இதே பெட்டிதானே?"

"இதே பெட்டிதான். ரயில்தான் இருக்கே!"