எங்க தெரு, நம்ம சங்கம்

என் அண்ணனை லஞ்சம் வாங்கியவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவர் கையை நீட்டிக் காசு வாங்கியதில்லை. சட்டமன்றத்தில் நீர்வளக் குழுவின் தலைவராக இருந்தபோதும் காலர் நைந்த சட்டையைத் திருப்பித் தைத்துத்தான் போட்டுக்கொண்டார்.

தேர்தல் செலவு வேறு கதை. வண்டி, சுவரொட்டி, மேடை எல்லாவற்றையும் பாட்டில் தண்ணீர் முதலாளிகள் சங்கம் பார்த்துக்கொண்டது. அது கட்சிக்குக் கொடுத்தது, எனக்கில்லை என்பார் அண்ணன். எதிர்க்கட்சிக்கும் அவர்கள்தான் கொடுத்தார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் லாயம் அவர்களுடையது.

சங்கத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் சம்பளத்தில் இருந்தான். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவான். அவனுக்கு நான் வைத்த பெயர் பல்பொடி.

அண்ணி இறந்த பிறகு அண்ணன் அந்த அரசாங்கக் குடியிருப்பில் தனியாகத்தான் இருந்தார். மகன் வெளிநாட்டில். நான் ஊரின் மறுகோடியில், வேலை, பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார் என்று கிடந்தேன். அத்தி பூத்தாற்போல் எப்போதாவது போய் வருவேன். பல்பொடி தினமும் மாலையில் வந்தான். சீட்டாடினான். வேண்டுமென்றே தோற்றான். அண்ணனுடைய ரத்த அழுத்த மாத்திரை எப்போது தீரும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மசோதா குழுவுக்கு வந்தது. பாட்டில் கம்பெனிகள் தங்கள் ஆழ்துளைக் கிணறுகளில் மீட்டர் பொருத்த வேண்டும், அளவுக்கு மேல் உறிஞ்சினால் உரிமம் ரத்து. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஒரு கம்பெனி இருந்தது. அது வந்ததிலிருந்து குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் மசோதாவோ கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்று அண்ணன் தள்ளித் தள்ளிப் போட்டார். அது தன்னுடைய சொந்தக் கருத்து என்றே அவர் நம்பினார்.

ஒருநாள் நேரில் போனேன். பல்பொடியும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தேன். அவனா போவான்? அவன் முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"எங்க தெருவுல தண்ணி நின்னு மாசக்கணக்காச்சுண்ணே. எங்களுக்கு வேற வழியே இல்ல. நீங்கதான் அந்த மசோதாவ எடுக்கணும்."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பல்பொடி முந்திக்கொண்டான். "நம்ம தெருவாச்சேக்கா அது. நமக்கு இல்லாத அக்கறையா? அவசரப்பட்டுக் கம்பெனிய மூட வெச்சா நம்ம பசங்க வேலதான் போகும். நாம இன்னொரு தடவ கணக்குப் பாத்துடுவோம்ணே."

அண்ணன் தலையாட்டினார். அவன் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறது, அதுகூடவா உங்களுக்குத் தெரியவில்லை என்று கேட்டேன். அவர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"அவனாவது 'நம்ம தெரு'ங்குறான்மா. நீ 'எங்க தெரு'ங்குற. நானும் அந்த வீட்டுலதானே பொறந்தேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா கட்டிய வீடு, இருவரும் பிறந்த வீடு. அதில் இப்போது இருப்பது நாங்கள்தானே என்று வாய் பழகிவிட்டது. 'நம்ம தெருதாண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்ப அவனையே தம்பியா வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணன் இன்னொரு முறை கணக்குப் பார்க்கச் சொல்லி மசோதாவைத் துறை அதிகாரிகளுக்கே திருப்பி அனுப்பினார். அவர்கள் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. மசோதாவும் அதோடு செத்தது. அடுத்த தேர்தலில் கட்சி அண்ணனுக்கு இடம் கொடுக்கவில்லை. நீர்வளக் குழுவுக்குப் புதுத் தலைவர் வந்தார். அன்றோடு பல்பொடியின் வரவும் நின்றது. கைபேசியையும் அவன் எடுக்கவில்லை.

அண்ணன் ஒரு வாடகை அறைக்கு மாறியிருந்தார். சண்டை போடத்தான் போனேன். மாலை நேரம். வாசற்கதவைத் திறந்துவைத்து, சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. நான் என்று தெரிந்ததும் அந்த மலர்ச்சி கொஞ்சம் குறைந்தது. அவ்வளவு கோபத்தையும் விழுங்கிவிட்டு, ஒரு வாரமாவது வந்து இருங்கள் என்று கையோடு கூட்டிவந்தேன்.

மூன்றாம் நாள் காலை தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. இலவசம், பாட்டில் முதலாளிகள் சங்கத்தின் அன்பளிப்பு என்று எழுதிப் பக்கவாட்டில் துணி கட்டியிருந்தார்கள். நம் தண்ணீரை நமக்கே தானம் கொடுக்க வந்துவிட்டார்கள். நான் வேண்டாமென்று தடுத்தும் அண்ணன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வரிசையில் நின்றார். தெருப் பெண்களுக்கு அவரைத் தெரியும். ஒருவரும் திட்டவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

எங்கள் முறை வரும் நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது. புதுத் தலைவர் இறங்கினார். கூடவே பல்பொடி.

அண்ணன் கையைப் பாதி உயர்த்தினார். பல்பொடி பார்த்தான். நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் கண்டேன், நன்றாகப் பார்த்தான். பிறகு திரும்பி, புதுத் தலைவரின் முழங்கையைத் தொட்டு, "இப்படி வாங்கண்ணே" என்றான். படம் எடுக்க வந்தவன் அண்ணனிடம், "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றான். அவர் பாதி நிரம்பிய வாளியோடு ஒதுங்கினார்.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணன் வாளியை இறக்கி வைத்தார். முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"வெயில் நேரா அவன் மூஞ்சியிலதான் அடிச்சுது, கவனிச்சியா? அதான் என்னை அடையாளம் தெரிஞ்சிருக்காது."

ஊரறிந்த வாய் என்னுடையது. ஒரு சொல்லை ஒன்பதாக்கித் திருப்பித் தருவேன் என்பார் என் கணவர்.

"தெரிஞ்சிருக்காதுண்ணே" என்றேன்.